தாய்க்கு ஒரு நகல், கோப்புக்கு ஒரு நகல்

மருத்துவமனையில் துப்புரவு செய்பவர்கள் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்கா. பெரிய டாக்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்; அவருக்கும் அக்காதான். இருபத்திரண்டு வருடமாக, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கர்ப்பிணிகளின் வயிற்றில் கருவியை வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. தடவுகிற ஜெல் சில்லென்று இருக்கும் என்பதால் பாட்டிலை வெந்நீர்க் குவளையில் போட்டு வைப்பாள். அதற்குக்கூட நிர்வாகம் மூக்கால் அழுதது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில் அவளுக்குத் தைரியம் உண்டு.

எல்லாம் நன்றாக இருந்தால் திரையைத் தாய் பக்கம் திருப்பி, "இது கை, இது கால், உதைக்கிற உதையைப் பாருங்க, பந்து விளையாடற ஆளு" என்பாள். கோளாறு தெரிந்தால் திருப்ப மாட்டாள். "டாக்டர் வந்து பேசுவார்" என்று சொல்லிவிட்டு, அவர் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். டாக்டர் வருவார், சொல்வார், அழுகை கேட்கும். ஆனாலும் விஷயம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. வயிற்றுக் குழந்தையின் குறையைப் பெற்றோரிடம் சொல்லாமல் விட்டதற்காக இனி எந்த டாக்டர் மேலும் வழக்குப் போட முடியாது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று கொண்டுவந்தவர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த அறைக் கட்டிலில் படுத்தவர் இல்லை. அடுத்த வாரமே பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, இனி இரண்டு அறிக்கை என்றார். கோப்புக்கு உள்ளது உள்ளபடி. தாய்க்கு 'வளர்ச்சி இயல்பு' மட்டும்.

"சொன்னா கலைச்சிடுவாங்க அக்கா. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

"சொல்லாம விடறது பாவம் இல்லையா டாக்டர்?"

"சட்டம் நம்ம பக்கம் இருக்கு. நீங்க டைப் பண்ணுங்க, போதும்."

வீட்டில் சொன்னபோது, பஸ் மெக்கானிக்கான கணவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "கையெழுத்து அவரோடதுதானே? உனக்கு எதுக்கு வேண்டாத வம்பு?" அந்தப் பேச்சு அவளுக்கும் வசதியாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

இரண்டு மாதம் பெரிய கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை. மூன்றாம் மாதம் தையல்காரி வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம், முதல் பிள்ளை. கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்குவதைப் படுத்த பிறகுதான் கவனித்துச் சிரித்தாள். ஸ்கேன் அக்கா கருவியை வைத்தாள். முதுகு சரி, கை கால் சரி, இதயம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேலே மண்டையோடு இல்லை. பிறந்தாலும் அந்தக் குழந்தை தங்காது. திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"படத்தை எனக்குக் காட்ட மாட்டீங்களாக்கா?"

"தலை திரும்பியிருக்கும்மா, சரியாத் தெரியல."

தாயின் நகலில் 'வளர்ச்சி இயல்பு' என்பதற்குக் கீழே அவளாக ஒரு வரி சேர்த்தாள்: தலைப்பகுதி தெளிவாகத் தெரியவில்லை, ஒரு வாரத்துக்குள் வேறு இடத்தில் மறுபடி பார்க்கவும். பெரிய டாக்டர் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போடுகிறவர், எதையும் படிக்க மாட்டார். தன் கையும் சுடாது, தையல்காரிக்கும் உண்மை தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

தையல்காரி எதையும் வரி விடாமல் படிக்கிறவள். கதவருகே நின்று அந்த வரியில் விரலை வைத்தாள். "இது அவசரமாக்கா? கடையில ஸ்கூல் யூனிபார்ம் மலை மாதிரி கிடக்கு."

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வராந்தாவில் வந்து நின்றார். ஸ்கேன் அக்கா அவரை ஒரு முறை பார்த்தாள்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா."

எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது என்று பிற்பாடு தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். எடுபடவில்லை. கோப்பில் விலாசம் இருந்தது. நடந்து போகிற தூரம்தான். போகவில்லை. பயந்தாள், அவ்வளவுதான்.

தையல்காரி வேறெங்கும் போய்ப் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்துக் குழந்தை பிறந்தது. பெண். நாற்பது நிமிடம் இருந்தது. மூன்றாம் நாள், நர்ஸ் தடுத்தும் கேளாமல், தையல்காரி சுவரைப் பிடித்து நடந்து ஸ்கேன் அறைக்கு வந்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவளைத் தட்டிக் கேட்டிருக்க முடியாது.

"தெரியும்மா."

தையல்காரி கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணிருப்பேன்னு எனக்கே தெரியல. ஒருவேளை பெத்துத்தான் இருப்பேன். வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார், எப்படியாவது லீவு கேட்டு வந்திருப்பார்." கட்டில் விரிப்பின் பிரிந்த ஓரத்தை மடித்து நீவினாள். "நான் அவளைத் தூக்கிக்கூட வச்சுக்கலக்கா. ஏன் இப்படி இருக்கா, என்ன ஆச்சுன்னு வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தேன். நாப்பது நிமிஷமும் அதுலயே போயிடுச்சு."