தலைவர் பக்கத்தில் ஒட்டவைத்த லென்ஸ்

தாலி கட்டும் நேரத்தில் போட்டோக்காரனுக்குத் தெரிவது மாப்பிள்ளையின் பெரியப்பா முதுகு மட்டும்தான். சங்கரன்கோவிலில் ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து நான் எடுத்த முதுகுகளைத் தொகுத்தால் தனி ஆல்பமே போடலாம். தூரத்தில் இருந்தே கிட்ட இழுக்கிற ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் பெரியப்பாக்களிடமிருந்து விடுதலை என்று மெட்ராஸுக்குக் கிளம்பினேன்.

கூட வந்தவர் குருவிகுளம் பக்கத்துக் கட்சிக்கார அண்ணாச்சி. கொடி நடுவது, ஆள் சேர்ப்பது எல்லாம் அவர். தலைவர் வந்து இறங்கியதும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது மட்டும் காரில் வந்தவர்கள். பஞ்சாயத்து யூனியன் தேர்தல் வரப்போவதாகப் பேச்சு. சேர்மன் சீட் கேட்பவன் தலைவரோடு நிற்கும் படம் ஒன்றாவது காட்ட வேண்டாமா என்பது அவர் கவலை.

கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, ஜூம் கிடையாது, மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கும். இன்னொன்று நீளமான ஜூம். வெளிச்சம் குறைந்தால் திணறும், ஆனால் முன்னும் பின்னும் நிற்பவர்களை ஒட்டி நிற்பதுபோல் காட்டும் என்றார். கல்யாண வீட்டு வெளிச்சத்தை நினைத்து நான் குட்டையின் பக்கம் சாய்ந்தேன். அண்ணாச்சி நீளத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. பதினைந்து வருஷ உழைப்பு செய்யாத வேலையை ஒரு கண்ணாடிக் குழாய் செய்யும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அடுத்த மாதம் தலைவர் வரும் கூட்டத்துக்குப் போட்டோ நீதான் என்றார். என் கொள்கை அத்தோடு முடிந்தது.

அடுத்த மாதம் எங்கள் ஊரில் நடந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைவர் வழக்கம்போல் இருட்டிய பிறகு வந்தார். நான் நூல் மூட்டை லாரி ஒன்றின்மேல் ஏறி நின்றேன். அண்ணாச்சி மேடையின் கடைசி வரிசையில். நான் கை காட்டியதும் கழுத்தை இடப்பக்கம் நீட்டுவதாக ஏற்பாடு. கொக்கு மாதிரி நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தலைவருக்கு இருமல் வந்தது. மாலை தூக்கிவர அண்ணாச்சி கூட்டிவந்திருந்த மச்சினன் சோடாவோடு ஓடினான். தலைவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். அதற்குமேல் காத்திருந்தால் தலைவர் நகர்ந்துவிடுவார், தட்டிவிட்டேன்.

லென்ஸ் சொன்ன சொல் தவறவில்லை. படத்தில் அண்ணாச்சி தலைவரின் தோளோடு தோளாக நின்றார். ஆனால் அந்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் முன்னால் நின்றவர்கள்தான் தெளிவு. தலைவரும் சோடாவும் மச்சினனும் பளிச்சென்று இருந்தார்கள். பின்னால் நின்ற அண்ணாச்சி முகம் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. நான் தயங்கினேன்.

"ஆளு தெரியுதுல்லா, அது போதும்வே" என்று பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமும் அடித்து மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்.

அங்கே கட்சி ஆபீஸில் படத்தைப் பார்த்தவர்கள், தலைவரோடு இவ்வளவு நெருக்கமாகச் சிரித்துப் பேசும் இந்த இளைஞர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். மச்சினன் என்று அண்ணாச்சி பெருமையாகவே சொல்லியிருக்கிறார். சீட் அவனுக்குப் போனது. யார் நின்றால் என்ன, ஒரே வீடுதானே என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார்களாம்.

அடுத்த வாரம் இருவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள், போஸ்டருக்குப் படம் எடுக்க. அண்ணாச்சி முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மச்சினனை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலை சீவிவிட்டார். பிறகு அவன் தோளில் கை வைத்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நானும் பக்கத்துல நிக்கட்டா?"

மச்சினன் கண்ணாடியில் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"போஸ்டருக்கு ஒத்த ஆளு போதும் அத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேமராவை மூடிவிட்டு இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லியிருப்பேன். அதற்குள் அண்ணாச்சி துண்டால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, லைட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.