ஆஃப் மட்டும்

சுங்கைப் பட்டாணியில் கணினி பழுதுபார்ப்பவர் அவர். நரைத்த மீசை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. என் மடிக்கணினியில் பிரவுசர் திறந்ததுமே மூடிக்கொண்டிருந்தது. அதில் கூடுதலாகச் சேர்த்திருந்த எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும், “இத ஆஃப் பண்ணட்டுமாண்ணே?” என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில், படங்களைக் கிளவுடில் ஏற்றும் எக்ஸ்டென்ஷனை அணைத்ததும் பிரவுசர் மூடாமல் நின்றது.

“இதான் லா கோளாறு. புவாங் பண்ணி எடுத்துடட்டுமா? யாரு போட்டது?”

“வீட்டுக்காரி. புக்கிட் செலம்பாவ் கோயில் திருவிழாப் படமெல்லாம் ஏத்தி வைப்பா. போன வருஷம் தவறிட்டா.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“அப்ப எடுக்க வேணாம்ணே. ஆஃப்லயே இருக்கட்டும். ஒண்ணும் செய்யாது.”

சில நாள் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அவள் போட்டது சாம்பல் நிறத்தில் அங்கேயே இருக்கும். அதை விட்டுவைத்தவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.