சார் வைத்த பொட்டு

'லைனில் நின்ற பெண்' என்று என்னைச் சொன்னால் கோபம் வராது. சொல்கிற தொனியில்தான் வரும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் அசெம்பிளி லைனில் ஐந்து வருஷம் ஒப்பந்த வேலை பார்த்தேன். சார்ஜர் செருகும் அந்தச் சின்ன வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பதுதான் வேலை. ஒப்பந்தம் முடிந்ததும் நிலம் அளக்கும் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீஸ் என்றால் நானும் சாரும்தான்.

சார் கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு வெயிலில் நடந்து, மூலைக்கு மூலை புள்ளி பதிந்து வருவார். நான் அதைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்து, புள்ளிகளை இறக்கி, வரைபடமாக்குவேன். மூன்று மாதமாக அதில் ஒரு பிசகும் இல்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள், வல்லம் வடகாலில் ஒரு நிலத்தை அளந்துவிட்டு சார் மத்தியானம் வந்தார். கேபிளைச் செருகினேன். கருவியில் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டரோ அப்படி ஒன்று வந்திருப்பதாகவே கண்டுகொள்ளவில்லை.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற?" என்றார் சார்.

"ஒண்ணும் பண்ணல சார்."

"லீவுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்துச்சு? நீதான் அப்டேட்டு கிப்டேட்டுன்னு எதையோ அமுக்கிகினு இருந்த. லைன்லேர்ந்து வந்தவங்கள கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள சரியாவலன்னா, நாளைலேர்ந்து டிகிரி படிச்ச ஆளப் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலை போனால் மறுபடியும் ஷிப்ட், கம்பெனி பஸ், அடுத்த ஒப்பந்தம். செய்யாத தப்புக்கு அங்கே திரும்பிப் போக நான் தயாராக இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வேறு துளையில் செருகினேன். கீழே மொபைல் கடையில் வேறு கேபிள் கேட்டு வாங்கி வந்தேன். ம்ஹூம். கடைசியில் சாரின் லேப்டாப்பிலேயே செருகினேன். அதுவும் கண்டுகொள்ளவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த லேப்டாப்பை நான் தொட்டதே இல்லை. இரண்டுக்கும் ஒரே நாளில் கிறுக்குப் பிடிக்காது. கோளாறு கருவியில்தான்.

ஆனால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. இதை நான் லைனில் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி வாயில் இரண்டு ஓரத்துக் கம்பிகளும் கரண்டுக்கு. தகவல் போய்வருவது நடுவில் இருப்பவற்றில். ஓரம் நன்றாக இருந்து நடு மட்டும் அடைபட்டால் இப்படித்தான் ஆகும். போன் டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. முகர்ந்தேன். சந்தனம்! கூடவே துளி குங்குமம்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூஜையன்று கம்ப்யூட்டர், பிரிண்டர், அளவு நாடா, தன் பைக் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் சாரேதான். கருவியின் வாயை மூடுகிற ரப்பர் எப்போதோ பிய்ந்து போயிருந்தது. மனிதர் பக்தியோடு அதன் வாயிலேயே அப்பியிருக்கிறார்.

அவர் வருவதற்குள் சத்தமில்லாமல் சுத்தம் செய்திருக்கலாம். செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

வந்ததும் டார்ச்சை அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"நீங்க வெச்ச பொட்டு சார்."

அவர் எதிரிலேயே கருவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றினேன். துடைப்பக் குச்சி ஒன்றை மெலிதாகச் சீவி, முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைத் தொட்டு, கம்பியைக் கீறாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஐந்து வருஷம் பழகிய கை ஆயிற்றே. ஈரம் காய்ந்ததும் செருகினேன். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. வல்லம் வடகால் புள்ளிகள் ஒன்று விடாமல் வந்து இறங்கின. எனக்குக் கர்வமாக இருந்தது. இருந்தால் என்ன, நியாயமான கர்வம்தானே!

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கின?" என்று கேட்டார் சார்.

"லைன்ல சார்."

அடுத்த ஆயுத பூஜைக்கும் அந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன். சார் கருவியைக் கையில் எடுத்தார். அதை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நீயே வெச்சிடும்மா."

கருவியைத் திருப்பி, அதன் முதுகில் வைத்தேன்.