மூன்றாம் பக்கத்தைப் பார்

நான் வக்கீல். சாட்சி இல்லாமல் எதையும் நம்பாதவன். இதற்கு மட்டும் என்னிடம் சாட்சி கிடையாது. ஆனால் நடந்தது. பட்டப்பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில் நடந்தது.

என் சீனியரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வருடம் அவரிடம் தொழில் கற்றேன். எனக்குப் பெண் பார்த்ததே அவர்தான். அவர்மேல் ஒரு தையற்கார அம்மா புகார் கொடுத்திருந்தார். தன் வீட்டு வழக்கை எடுத்துக்கொண்டு, ரகசியமாக எதிராளிக்கும் வேலை பார்த்துத் தோற்கடித்துவிட்டார் என்று. நான் நம்பவில்லை. வக்கீல்களை விசாரிக்கும் ஒழுங்குக் குழுவின் முன்னால், ஐயாவுக்காகச் சாட்சி சொல்லத்தான் போனேன்.

காலை 10.50. விசாரணை அறைக்கு வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு ஒரு பெண் வக்கீல். எப்போது வந்தாள் என்று கவனிக்கவில்லை. தானும் ஐயாவிடம் ஜூனியராக இருந்தவள்தான் என்றாள். என்னைவிட வயதில் சின்னவள். ஆனால் என்னைத் ‘தம்பி’ என்றாள்.

10.58. டீ கொண்டுவந்த பியூன் என்னிடம் மட்டும் நீட்டினார். அவளுக்கும் கொடுக்கச் சொன்னேன். அவர் பெஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டோடு போய்விட்டார்.

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. என் கையில் தாள்கள் படபடத்தன. அவள் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை...

“எழுதாத வக்காலத்துல கையெழுத்து வாங்கினாரா, தம்பி?”

வாங்கியிருந்தார். வழக்கில் ஆஜராக வக்கீல் கோர்ட்டில் கொடுக்கும் படிவம் அது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, வெற்றாக ஒரு கட்டு.

“மூணாம் பக்கத்தைப் பாரு. தேதியையும் பாரு. உன் மக பொறந்த நாள்.”

எனக்கு மகள் இருப்பதை நான் சொல்லவே இல்லை.

11.15. உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து திரும்பினேன். பெஞ்ச் காலி. நீண்ட தாழ்வாரம்... காலடிச் சத்தம்கூட இல்லை.

தையற்கார அம்மாவின் வழக்குக் காகிதங்களோடு கோர்ட்டிலிருந்து வந்த உறையின் அரக்கு முத்திரையை என் கண் முன்னால்தான் உடைத்தார்கள்.

மூன்றாம் பக்கம். எதிராளிக்காக ஆஜராவதாக ஒரு வக்காலத்து. கையெழுத்து... என்னுடையது.

ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை. “எனக்குத் தெரியாம இவன் செஞ்சது,” என்றார். நிதானமாக.

ஒன்பது வருடம்...



தேதியைப் பார்த்தேன். அன்று விடிந்ததிலிருந்து இரவுவரை நான் பிரசவ வார்டு வாசலில் நின்றிருந்தேன். கோர்ட்டுக்கே போகவில்லை. அதையும், ஐயா வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததையும் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் பிறகு கொண்டுவந்து கொடுத்தேன்.

ஐயாவின் உரிமம் பறிபோனது. எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டதற்கு எனக்குக் கண்டனம். தையற்கார அம்மாவின் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது.

குழுவின் தீர்ப்பு வந்த அன்று, அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் குமாஸ்தாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஐயாமேல் இதேபோல ஒரு புகார். பழி ஜூனியர் பெண்மேல் விழுந்தது. அவள் உரிமம் போயிற்று. பயப்படாதே, மேல்முறையீட்டை நானே போடுகிறேன் என்று ஐயா தைரியம் சொன்னாராம். தன் பேரைக் கூப்பிடுவார்கள் என்று பதினான்கு மாதம் தினமும் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாளாம். ஒரு நாள் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது.

“அவங்க போனப்புறம்தான் சார் ஃபைலைத் தேடிப் பாத்தோம்,” என்றார். “அப்பீல் போடவே இல்லை.”