கழற்றாமல் போன கயிறு

கலஹாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் இருளப்பன்தான் கண்டக்டர். ஆள் ஆறடி, தொண்டை அதற்கும் மேலே. "உள்ள போங்க" என்று அவன் ஒரு சத்தம் போட்டால், நிற்கவும் இடமில்லாத பஸ்ஸில் இன்னும் பத்துப் பேருக்கு இடம் பிறக்கும். அந்த உடம்பையும் தொண்டையையும் வைத்துக்கொண்டு வேறு என்ன வேஷம் கட்டுவான்? தேயிலைத் தோட்டத்து நாடகக் குழுவில் எமன் அவன்தான் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, அது தானாகவே அமைந்தது.

கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அதே நாடகம். எமன் ஒரு வீட்டுக்காரனின் உயிரை எடுக்க வருவான், பெண்சாதி பேசிப் பேசியே அவனைத் தோற்கடித்துப் புருஷனை மீட்பாள். கதை எல்லோருக்கும் மனப்பாடம். சனம் காத்திருப்பது நடுவில் வரும் விளையாட்டுக்கு. எமன் மேடையை விட்டு இறங்கி, சபையில் அதிகமாகச் சிரிப்பவன் கழுத்தில் பாசக்கயிற்றை மாட்டிவிட்டுப் போவான். மாட்டிக்கொண்டவன் கடைசிவரை கயிறும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க வேண்டும். நாடகம் முடிந்ததும் எமனே வந்து கயிற்றைக் கழற்றி, திருநீறு பூசி, "எழுந்து போ, உன்னை விட்டேன்" என்பான். அதற்குப் பிறகுதான் அவன் எழும்பலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கயிறு விழுந்தது பழனியாண்டியின் கழுத்தில். ஆட்டோக்காரன், இருளப்பனின் சின்ன வயசுச் சிநேகிதன். எருமையை விற்றுவிட்டுத் தன் ஆட்டோவில் வரும்படி எமனுக்கே யோசனை சொல்லி சபையைச் சிரிக்க வைத்தான். பாதி நாடகத்தில் மழை கொட்டியது. சனம் கலைந்து ஓடியது. பழனியாண்டி கயிற்றைத் தானே உருவி இருளப்பன் கையில் திணித்துவிட்டு, மனைவி சுகிர்தாவை ஏற்றிக்கொண்டு பறந்தான். அடுத்த வாரம் தெல்தோட்டை ரோட்டில், மூடுபனியில், ஆட்டோ பள்ளத்தில் விழுந்தது. அவன் தனியாகத்தான் போயிருந்தான். ஆள் தப்பவில்லை.

கயிற்றுக்கும் பள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை என்று இருளப்பனின் புத்திக்குத் தெரியும். மனசுதான் கேட்கவில்லை. ஊரும் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரியவர் அவன் கையால் டிக்கட் வாங்க மாட்டேன் என்று, எட்டி டிரைவரிடம் காசை நீட்டினார். அதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பான். தள்ள முடியாதது பஸ்ஸின் கடைசி சீட்டை. ஹிந்தகல தாண்டி ஆட்கள் இறங்கி பஸ் வெறிச்சோடும்போது பழனியாண்டி அங்கே உட்கார்ந்திருப்பான், கழுத்தில் கயிற்றோடு. பயமுறுத்த மாட்டான். அதே பழைய சிரிப்போடு, எழும்பச் சொல்லும்வரை காத்திருப்பான். அந்தச் சிரிப்புத்தான் இருளப்பனைக் கொன்றது. அவன் பிறகு வேஷம் கட்டவில்லை. நாடகமும் நின்றுபோனது.

இந்த வருஷம் சுகிர்தாவே அவனைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மறுபடி எமன் கட்டச் சொன்னாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், தன்னால் முடியாது என்றான்.

"கனவுல வர்றாருண்ணே. கழுத்துல கயிறு கெடக்கு. நான் தொட்டா வர மாட்டேங்குது," என்றாள். "மாட்டுன கைதான் கழட்டணும்."

இருளப்பன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கடைசி சீட்டைப் பற்றி அவன் ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொன்னதில்லை. வேஷம் கட்டுகிறேன் என்றான்.

மழைக்குப் பயந்து இம்முறை நாடகம் கோயில் மண்டபத்துக்குள், பொழுது சாயும் நேரத்தில். முன்வரிசையில் சுகிர்தா, பக்கத்தில் யாரையும் உட்கார விடாமல் ஒரு பிளாஸ்டிக் கதிரை. மற்றவர்களுக்குத்தான் அது வெறும் கதிரை. விளையாட்டு நேரம் வந்தும் இருளப்பன் மேடையை விட்டு இறங்கவில்லை. சபை கூச்சல் போட்டது. அவன் யார் கழுத்திலும் கயிறு போடுவதாக இல்லை.

கடைசிக் காட்சி முடிந்ததும் இறங்கி, நேரே அந்தக் கதிரையிடம் போனான். கழுத்து இருக்கும் உயரத்துக்கு இரண்டு கைகளையும் கொண்டுபோய், இல்லாத கயிற்றை மெல்லத் தலைக்கு மேலாகத் தூக்கி எடுத்தான். நெற்றிக்கு நேரே திருநீறு பூசினான். அது கதிரையில் சிந்தியது.

"எழுந்து போ" என்றது எமனின் குரல். அதோடு குரல் உடைந்துவிட்டது.

"போடா. உன்னய விட்டுட்டேன்."

சுகிர்தா குனிந்து, சிந்திய திருநீற்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் கண்டியிலிருந்து திரும்பும்போது, ஹிந்தகல தாண்டியதும் இருளப்பன் பின்னால் பார்த்தான். கடைசி சீட்டில் யாருமில்லை. நாலு வருஷமாக எது தொலையவேண்டும் என்று வேண்டினானோ அது தொலைந்துவிட்டது. நிம்மதி வரும் என்று நின்றான். வரவில்லை. சிநேகிதனை இன்றைக்குத்தான் பறிகொடுத்தது போலிருந்தது. சாவு வீட்டில் பயத்தில் அழ மறந்தவன், இப்போது டிக்கட் பையோடு போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்து அழுதான்.

கலஹா வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவன் அசையவில்லை. டிரைவர் வந்து எழும்பச் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.