பதினைந்தாம் பாகம்

வெள்ளைத்துரை ஐம்பத்தோரு வருஷம் தியாகராய நகரில் ஒரே ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு புடவை எடுத்துப் போட்டவர். அந்தப் பச்சை, இல்லை அதற்கு மேலே இருப்பது, மாம்பழக் கலரில் இதே பார்டர் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவர் எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் பக்கத்துக் கடையையும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அவர்கள் எழுந்து போனதும் ஒவ்வொன்றாக மடித்து அடுக்குவார். வாழ்நாளில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டு இவர் கொடுக்காமல் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் துணியில்லை, காசில்லை, ஒரு சினிமாவின் முடிவு.

சீரியல் என்றால் இன்றைக்கு மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு மூலையில் நின்று மூக்கைச் சிந்துவது. 1964இல் அப்படியில்லை. காட்டுக்குள் ஒரு விமானம் விழும். அதை ஓட்டி வந்த பெண் காணாமல்போன தன் அப்பாவைத் தேடுவாள். எலும்பு முகமூடி போட்ட ஒருவன் புதையலுக்காக அவளைத் துரத்துவான். அவளைக் காப்பாற்ற ஒரு வேட்டைக்காரன், நடந்து வந்தால் கௌரவக் குறைச்சல் என்பதுபோல், கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருவான். மொத்தம் பதினைந்து பாகம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் யாராவது ஒருவர் சாகப்போவார், அதற்குள் ‘அடுத்த பாகம்’ என்று எழுத்து வந்துவிடும். கூவத்தை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சியில் வாரம் ஐந்து பாகம் வீதம் மூன்று வாரத்தில் ஓட்டி முடித்தார்கள்.

திசையன்விளையிலிருந்து வந்து கடையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத வெள்ளைத்துரைக்கு அப்போது பதினாலு வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே வயது, பெயர் பீர் முஹம்மது, அதே பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை கற்றுக்கொண்டிருந்தவன். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாது. படத்தில் வெள்ளைக்காரன் வாயைத் திறந்தால் பீர் முஹம்மது இங்கே சென்னைத் தமிழில் வசனம் பேசுவான், முன்வரிசை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். முதல் வாரம் பழக்கமானார்கள். இரண்டாவது வாரம் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றார்கள். மூன்றாவது வாரம் பார்த்து பீர் முஹம்மதுவின் அக்காவுக்கு நிக்காஹ் வந்துவிட்டது. கடைசி ஐந்து பாகத்தை வெள்ளைத்துரை தனியாகப் பார்த்தான்.

மறுநாளே பீர் முஹம்மது மாம்பலம்வரை நடந்து வந்து கடை வாசலில் நின்று கேட்டான், அந்த எலும்பு முகமூடிக்காரன் யார் என்று. சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம். வெள்ளைத்துரைக்கு என்னவோ அன்றைக்குப் பெரிய மனுஷனான மாதிரி இருந்தது. பட்டணம் வந்து ஒரு வருஷத்தில் அவனிடம் கெஞ்சி எதையாவது கேட்ட முதல் ஆள் பீர் முஹம்மதுதான். படம் திரும்ப வரும், நீயே பார்த்துக்கொள் என்றுவிட்டான். படப்பெட்டி எந்த ஊருக்குப் போனதோ, திரும்ப வரவே இல்லை.

அதற்குப் பிறகு அறுபது வருஷம் அந்தக் கேள்வி இருவருக்கும் நடுவில் கிடந்தது. பீர் பாய் தன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். வெள்ளைத்துரைக்கு மகன் அஸ்வின் பிறந்தபோது கேட்டார். இவர் மனைவி சுந்தரவல்லி இறந்த பதினாறாம் நாள், இந்த மனுஷனை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைத்துரை புன்னகையோடு தலையை ஆட்டுவார். ராஜரகசியத்தைக் காப்பவனுக்குக்கூட அத்தனை மிடுக்கு இருந்திருக்காது.

போன வருஷம் பாயின் பேத்தி மெஹக் அந்தப் படத்தை இன்டர்நெட்டில் கண்டுபிடித்துவிட்டாள். பதினைந்து பாகமும் வரிசையாக இருந்தன. மந்தைவெளியில் பாயின் வீட்டு முன்னறை டிவியில் அவள் போட்டுக் காட்டியதும் பாய் உடனே போன் செய்தார். ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றார். வெள்ளைத்துரை கூடாது என்றார். இத்தனை வருஷம் பொறுத்தது எதற்கு? ஞாயிறு காலை பத்து மணி, வாரம் ஒரு பாகம், ஜன்னல் சாத்த வேண்டும், ஒருத்தரை விட்டு ஒருத்தர் பார்க்கக் கூடாது. சட்டம் போட்டவர் இவர், சரி என்றவர் பாய்.

ஆனால் ஒரு உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். முடிவு வெள்ளைத்துரைக்கு மறந்துபோயிருந்தது. எந்த வயதில் மறந்தது என்று அவருக்கே தெரியாது. நாற்பதில் இருக்கலாம், ஐம்பதில் இருக்கலாம். புடவைகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நடுவில் எங்கேயோ நழுவிவிட்டது. இரண்டாம் பாகம் பார்த்த அன்று ரயிலில் திரும்பும்போது யோசித்து யோசித்துப் பார்த்தார். முகமூடி ஞாபகம் இருந்தது, அதைக் கழற்றிய கையும் ஞாபகம் இருந்தது, உள்ளே இருந்த முகம் மட்டும் வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அதை அப்போதே பாயிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம், பாயும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இவரோ வெறுங்கையில் முழம் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் மாதிரியே தலையாட்டினார்.

அந்த ஞாயிறுகள் நன்றாகத்தான் இருந்தன, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பெருங்குடியில் மகன் வீட்டில் வாரம் முழுக்க யாரும் பேசாத ஒரு மூலையில் கிடந்த மனுஷர் ஞாயிறு வந்தால் ஆறு மணிக்கே குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பறக்கும் ரயில் ஏறிவிடுவார். பாயின் மனைவி ஜமீலுன்னிசா டீயும் சமோசாவும் வைத்துவிட்டு உள்ளே போவார். எல்லாப் பாகத்திலும் ஒரே சிங்கம் ஒரே பக்கமாக ஓடும். நாலாம் பாகத்திலிருந்து பாய் அதற்கு சலாம் வைக்க ஆரம்பித்தார். கொரில்லா வேஷம் போட்டவனின் முதுகில் ஜிப் தெரிந்தது. ஆறாம் பாகத்தின் முடிவில் லாரியோடு பள்ளத்தில் விழுந்து வெடித்துச் செத்த வேட்டைக்காரன், ஏழாம் பாகத்தின் ஆரம்பத்தில் அதே லாரியிலிருந்து முன்கூட்டியே குதித்துவிடுகிறான். பாய் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா இது, போன வாரம் உள்ளதானே குந்திக்கினு இருந்தான்?"

"அது போன வாரம் வே" என்றார் வெள்ளைத்துரை. அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பதினோராம் பாகத்தின்போது பாய்க்கு மூச்சு வாங்கியது. பிறகு மூன்று ஞாயிறு ஆஸ்பத்திரியில் போயிற்று. நுரையீரலில் வந்த வியாதி ஈரலுக்கும் போய்விட்டது, வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டையும் பதின்மூன்றையும் பாய் கட்டிலில் படுத்தபடி பார்த்தார். சிங்கம் வந்தபோது கையை நெற்றிவரை தூக்க முடியவில்லை, விரலை மட்டும் அசைத்தார். பதின்மூன்றாம் பாகத்தின் முடிவில் அந்தப் பெண் கயிற்றுப் பாலத்தில் நிற்க, முகமூடிக்காரன் கயிற்றை அறுத்தான்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் ஜமீலுன்னிசா போன் செய்து, உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். வெள்ளைத்துரை போனார். பாயின் முகம் மூன்று நாளில் பாதியாகியிருந்தது. மெஹக்கை வெளியே போகச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினார்.

"தொர, ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் தாங்குவேனான்னு தெர்ல. மீதி ரெண்டையும் இன்னிக்கே பாத்துடலாம்பா. இல்லாங்காட்டி வாயாலயாவது சொல்லிடு. அந்த மூஞ்ச மூடிக்கினு சுத்துறவன் யாரு?"

சொல்ல வெள்ளைத்துரையிடம் ஒன்றுமே இல்லை. மறந்துவிட்டது என்று சொல்லலாம். அறுபது வருஷம் இந்த மனுஷனைக் கெஞ்ச வைத்துவிட்டு அதை எந்த வாயால் சொல்வது? சரி, இரண்டு பாகத்தையும் போடச் சொல்லிச் சேர்ந்து பார்க்கலாம். அந்த முகம் வரும்போது தன் முகமும் ஆச்சரியப்பட்டு, பாய் அதைப் பார்த்துவிட்டால்? சாகக் கிடக்கிறவன் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டது அந்தப் புத்தி. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை வே" என்றார். "சட்டம்னா சட்டம். அதுவரைக்கும் நீரு எங்கயும் போகமாட்டீரு."

பாய் சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்பார்க்க ஒரு விஷயம் இருப்பவன் சாகமாட்டான், அதனால்தான் மறுத்தேன் என்று ரயிலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் வெள்ளைத்துரை. இந்திரா நகர் ஸ்டேஷன் வருவதற்குள் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை அஸ்வினுக்கு வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் மகனிடம் சொல்லி, டிவியில் பதினாலையும் பதினைந்தையும் போட வைத்துத் தனியாக உட்கார்ந்து பார்த்தார். நாற்பது நிமிஷம்தான் ஆயிற்று. முகமூடிக்குள் இருந்தது டாக்டர். ஒவ்வொரு பாகத்திலும் வேட்டைக்காரனுக்குக் கட்டுப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொன்ன அதே நல்ல டாக்டர். வெள்ளைத்துரை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த முகம் தெரியும்போது பாய் எப்படிப் பதறுவார், என்னென்ன திட்டுவார் என்று நினைத்து நினைத்துச் சிரித்தார். தானும் பக்கத்தில் ஆதியிலிருந்தே தெரிந்தவராக, கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை பாய் இறந்துபோனார். ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம். வெள்ளைத்துரையும் கபரஸ்தானுக்குப் போய் எல்லோரோடும் மூன்று பிடி மண் போட்டார். அழுகை வரவில்லை. அதற்காக வெட்கப்பட்டு, வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஜமீலுன்னிசா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். கதவு பாதி சாத்தியிருந்தது. முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வெள்ளைத்துரை கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். மெஹக் அழுது வீங்கிய முகத்தோடு வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து ஜமீலுன்னிசா பேசினார். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, நடந்ததைத்தான் சொன்னார்.

"நேத்து மத்தியானம் மெஹக் கேட்டாண்ணே. தாதா, நான் போன்லயே போடறேன், பாத்துடுங்கன்னு. பக்கத்துல கொண்டாந்து புடிச்சிக்கினுகூட நின்னா. வேணாம்னுட்டாரு. தொர இல்லாம பாக்கக் கூடாது, அவனுக்கு மனசு கஷ்டமாப் போயிடும்னாரு. அந்தப் பக்கமா மூஞ்சத் திருப்பிக்கினாரு."

நேற்று மத்தியானம். பெருங்குடியில் இவர் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரம். வெள்ளைத்துரை குடிக்காமலே தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாயங்காலம்கூடக் கேட்டுக்கினே இருந்தாரு, யாரா இருக்கும், யாரா இருக்கும்னு" என்றார் ஜமீலுன்னிசா. "நான் இன்னாத்தக் கண்டேன். உங்களுக்குத் தெரியும்ல, யாருண்ணே அது?"

"டாக்டரும்மா" என்றார் வெள்ளைத்துரை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க நிறுத்தி நிறுத்திப் பழகியவர்தான், அன்றைக்கு முடியவில்லை. "எனக்கும் மறந்துதான் போயிருந்துச்சு. இத்தன வருசமா தெரியாமத்தான் இருந்தேன். நேத்து மத்தியானந்தான் தனியா உக்காந்து பாத்துத் தெரிஞ்சுகிட்டேன்."

உள்ளே யாரோ குரான் ஓதுவது கேட்டது. பிறகு ஜமீலுன்னிசா, சண்டையாக இல்லாமல், புரியாததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பாத்ததும் ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே. ராத்திரி பத்து மணி வரைக்கும் முழிச்சிக்கினுதானே இருந்தாரு?"