மதினிக்கு ஊறிய பால்

என் மதினியின் மெட்டிகளை ஆசாரி அரத்தால் அறுத்து எடுத்தார். கால்விரல்கள் அத்தனை வீங்கியிருந்தன. எங்கள் போடி வீட்டில் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள். தலைப்பிள்ளை என்றால் கால் வீங்காமல் இருக்குமா என்பது அவளுடைய கட்சி. மதினி மட்டும் சிரிக்கவில்லை. அறுபட்ட மெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினால் குழி விழுந்தது, வெகுநேரம் குழியாகவே கிடந்தது. இது ஐம்பதுகளின் நடுவில். நினைத்தால் இன்றும் எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

மதினி சிலமலைக்காரி. அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் பறிக்கும் காலத்தில் அவரோடு மலையில் இருந்துவிட்டு இறங்கி வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை, காலையில் வாந்தி. எங்கள் வீட்டில் பெண்கள் மாதாமாதம் மூன்று நாள் பின்கட்டு அறையில் தனியாக உட்கார வேண்டும். யார் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். மதினி உட்காரவில்லை. அவள் பக்கத்தில் படுப்பவள் என்பதால் அம்மா என்னைக் கேட்டாள். "ரெண்டு மாசமா மதினி தூரமாகலைம்மா" என்று ஏதோ நானே சாதித்ததுபோலச் சொன்னேன். எனக்கு அப்போது பதினாலு வயது, விவரம் தெரியாத வயது என்று தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

மருத்துவச்சி வந்தாள். மதினியின் ரவிக்கை ஈரமாக இருந்ததைப் பார்த்தாள். "பாலே ஊறிருச்சு, இனி என்ன சந்தேகம்?" என்று சொல்லி வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். அதற்குமேல் யார் பேச முடியும்? வயிறும் மெல்லப் பெருத்தது. மசக்கைக்காரிக்கு நாக்கு கேட்கும் என்று அம்மா உப்பு ஊறுகாயும் கருவாடுமாகக் கொண்டுவந்து கொட்டினாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். அன்றைக்கு மதினி அம்மாவிடம் கெஞ்சினது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"உள்ள ஒண்ணுமே அசையல அத்தே. ஒண்ணுக்கும் சரியாப் போகல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் ஒருதரம் காட்டிருவோமே."

"சில பிள்ளை சோம்பேறியாத்தான் கெடக்கும். ஊர்ல ஒலகத்துல நீ ஒருத்திதான் பெத்துக்கப் போறியா?"

அதற்குப்பிறகு மதினி யாரையும் கேட்கவில்லை. வயல் வரப்பில் நெருஞ்சி பறித்துவரச் சொல்லி, தானே காய்ச்சிக் குடித்தாள். நீர் பிரியாதவர்களுக்கும் வீக்கம் கண்டவர்களுக்கும் நெருஞ்சி கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தன் உடம்பில் கோளாறு எங்கே என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

பத்து மாதம் முடிந்தது. வலியும் இல்லை, பிள்ளையும் இல்லை. வயிறு கொஞ்சம் வற்றியது. மருத்துவச்சிக்குத் தன் பெயர் கெடக்கூடாது. உள்ளே இருந்ததை யாரோ கரைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். அம்மா மறுபடியும் என்னைக் கூப்பிட்டு, மதினி பச்சிலை ஏதும் தின்றாளா என்று கேட்டாள். "நெருஞ்சி காய்ச்சிக் குடிச்சாங்கம்மா" என்றேன். எதற்கென்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றே மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த அண்ணன், கட்டின மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைச் சிலமலைக்கே அனுப்ப வண்டி பூட்டச் சொன்னார்.

"புள்ள இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்கதானே சொன்னீங்க!" என்று வாசலில் நின்று மதினி கத்தினாள். தெருவே கேட்டது. அடுத்த பொங்கலுக்குள் சிலமலையில் செத்துப்போனாள். பிள்ளையைக் கொன்றவளுக்குச் சாமி கொடுத்த கூலி என்று அம்மா தன் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல வருடம் கழித்து என் மகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டுமுறை மதுரையில் டயாலிசிஸ் செய்யவேண்டி வந்தது. ஒருநாள் அவள் டாக்டரம்மாவிடம், மாதவிலக்கு நின்றுவிட்டது, மார்பில் பால்போல ஈரம் கசிகிறது என்றாள். அந்தச் சின்னப் பெண் டாக்டர் நிதானமாக ரத்தம் எடுக்கச் சொன்னார். கழிவை மட்டுமல்ல, வேலை முடிந்த சில ஹார்மோன்களையும் ரத்தத்திலிருந்து நீக்குவது சிறுநீரகம்தானாம். அது கெட்டால் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் ரத்தத்தில் ஏறிவிடும். சினைப்பைக்குப் போகவேண்டிய உத்தரவு தடுமாறி விலக்கு நிற்கும். பிள்ளை இல்லாமலே சிலருக்குப் பால் கசியும். மெஷின்கூட அதை முழுதாகக் கழுவாது, மாத்திரை தருகிறேன் என்றார். மகள் சரி என்று தலையாட்டினாள். ஐந்து நிமிடப் பேச்சு. மதினிக்கும் கெட்டது சிறுநீரகம்தான், வயிற்றில் சேர்ந்தது நீர்தான். அந்தக் காலத்தில் அவளை யாரும் பிழைக்கவைத்திருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அசையவில்லை என்று அவள் சொன்னதைக் கேட்க எந்த மெஷின் வேண்டும்?

போடிக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலமலையில் மதினியின் தங்கை இன்னும் இருக்கிறாள், அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "செத்தவள எதுக்குத்தா இப்ப இழுக்குற? வேற சோலி இல்லையா ஒனக்கு?" என்று எழுந்து போய்விட்டார்.

நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். வாசலில் நின்றபடியே டாக்டர் சொன்னதையும், நெருஞ்சியைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

"எங்கக்கா பொய் சொல்லலைங்கிறது எங்களுக்கு அன்னைக்கே தெரியும். இத ஒங்க தெருவுல போய்ச் சொல்லு" என்றாள்.